பழுப்பு மேகமும் காற்றுத் தரக் குறியீடும்: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

காற்று மாசு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வீரபத்திரன் ராமநாதனின் பெயர் வந்துவிடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். பிறகு அமெரிக்கா போய், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தவர். தெற்காசியாவின் மேல் படரும் 'பழுப்பு மேகம்' என்ற மாசுப் புகைமூட்டம் உலகின் கவனத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர் ஆய்வை எடுத்துக்காட்டுபவர்களில் பலர், அதில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதே குழப்பம்தான் அன்றாடம் கைபேசியில் காற்றுத் தரக் குறியீட்டு (ஏக்யூஐ) எண்ணைப் பார்க்கும்போதும் நடக்கிறது.

முதலில் திருத்த வேண்டியது, காற்றில் மிதக்கும் துகள் எல்லாம் ஒரே ரகம் என்ற நினைப்பு. ஏரோசால் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் கடல் உப்பு, பாலைவனத் தூசு, நிலக்கரிப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட், விறகும் டீசலும் சரியாக எரியாமல் வரும் கரித்துகள் எல்லாமே அடக்கம். சல்பேட் வெயிலைத் திருப்பி அனுப்பும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தபோது உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது, அது கக்கிய கந்தக வாயுவும் இப்படிச் சல்பேட் ஆனதால்தான். இதைக் கேட்டுவிட்டு, "புகை இருந்தால் பூமி குளிரும்" என்று பொதுவாக முடிவு கட்டிவிடுகிறார்கள். கரித்துகள் செய்வது வேறு வேலை. அது வெயிலை விழுங்கி, தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும்.

இதைத்தான் 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு அளந்து காட்டியது. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதை முன்னின்று நடத்தினார்கள். விமானங்கள், கப்பல்கள், செயற்கைக்கோள்கள், மாலத்தீவின் காஷிதூ தீவில் ஒரு தரைநிலையம் எல்லாம் சேர்ந்து ஒரே காற்றை அளந்தன. நிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில், சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை புகைமூட்டம் நின்றது. கடல்பரப்பு இழந்த வெயில், விண்வெளிக்குத் திரும்பிப் போன கூடுதல் ஒளியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மீதி எங்கே போனது? இடையில் இருந்த காற்றிலேயே வெப்பமாகத் தங்கிவிட்டது. 2006இல் அதே மாலத்தீவின் ஹனிமாதூவிலிருந்து ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, மூட்டத்துக்குக் கீழே, உள்ளே, மேலே என ஒரே நேரத்தில் பறக்கவிட்டு இதை நேரடியாகச் சோதித்தார்கள். அந்த அடுக்குக் காற்று வெயிலால் சூடாகும் அளவைப் பழுப்பு மேகம் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று தெரிந்தது. கீழே வெளிச்சம் குறைகிறது, மேலே காற்று சூடாகிறது, இரண்டும் ஒரே மூட்டத்தின் வேலை. கடலில் வெயில் குறைந்தால் நீராவி குறையும், பருவமழையும் பாதிக்கப்படலாம் என்று ராமநாதன் எச்சரித்தது இந்தக் கணக்கிலிருந்துதான்.

இதிலிருந்து இன்னொரு தப்பான முடிவு முளைக்கிறது: சல்பேட் குளிர்விக்கிறதென்றால் அதைக் குறைக்காமல் விட்டுவிடலாமே என்பது. சல்பேட் வெப்பமயமாதலின் ஒரு பகுதியை மறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே துகள் நுரையீரலுக்குள் போகிறது. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். துகள்களோ சில நாட்களில், அதிகம் போனால் ஓரிரு வாரங்களில் விழுந்துவிடும். கரிப்புகையை இன்று நிறுத்தினால் பலன் சீக்கிரமே தெரியும் என்று ராமநாதன் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இது. எனக்கு அவர் ஆய்விலேயே மிக நம்பிக்கை தருகிற இடமும் இதுதான்.

ஒரு பருவத்தில் அளந்ததை ஆண்டு முழுவதற்கும் நீட்டுவது அடுத்த தவறு. 2002இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று அறிக்கை வெளியிட்டபோது பெரிய சர்ச்சை வெடித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். குளிர்கால மாதங்களின் மூட்டத்தை, மழை வந்து காற்றைக் கழுவிவிடும் பருவத்துக்கும் பொருத்திப் பேசலாமா என்பது நியாயமான கேள்வி. பிறகு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்ற ஆய்வுத் திட்டத்தின் பெயரிலிருந்து 'ஆசிய' என்ற சொல்லும் போய்விட்டது. இந்த விவாதத்தை ஒரு பக்கம் மட்டும் படித்தவர்கள் இன்றும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். இரண்டையும் படிப்பதே நல்லது.

செயற்கைக்கோள் வரைபடத்தில் ஊர் சிவப்பாகத் தெரிந்தால் பதறுவதும் உண்டு. அந்தப் படம் தரையிலிருந்து உச்சி வரை உள்ள மொத்தத் துகளையும் சேர்த்துக் காட்டுவது. 3 கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகை உங்கள் மூக்குக்கு வராமலே போகலாம்.

சரி, கைபேசி எண்ணுக்கு வருவோம். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரான் வரை விட்டமுள்ள நுண்துகள், இருக்கிறது என்று வையுங்கள். இந்தியக் குறியீட்டில் அது 100, அதாவது 'திருப்திகரம்'. அதே காற்றை அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் 150ஐத் தாண்டி 'ஆரோக்கியத்துக்குக் கேடு' என்று வரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேரத்துக்கு வைத்த வரம்போ 15 மைக்ரோகிராம். ஒரு செயலி 100 என்கிறது, இன்னொன்று 150 என்கிறது என்றால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அளவுகோல் வேறு. அதனால் சென்னையையும் லண்டனையும் குறியீட்டால் ஒப்பிடாமல் மைக்ரோகிராமால் ஒப்பிடுங்கள்.

இந்தியக் குறியீடு பல மாசுகளின் கூட்டுத்தொகையும் அல்ல. எது மிக மோசமோ அதன் எண்தான் ஊரின் எண். பளிச்சென்று வெயில் அடிக்கும் மதியத்தில்கூட ஓசோன் அந்த இடத்தைப் பிடிக்கலாம், வானம் நீலமாக இருக்கிறதே என்று நம்ப முடியாது. அப்புறம், துகள்களுக்கு அது 24 மணி நேரச் சராசரி. தீபாவளி இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் பகலின் நல்ல காற்றும் கணக்கில் கலந்திருக்கும். உண்மையான மோசம் மறுநாள் காலைதான் எண்ணில் முழுதாகத் தெரியும். அப்போது காற்று ஓரளவு தெளிந்திருக்கவும் கூடும். அந்த இரவில் வெளியே போகலாமா என்று முடிவு செய்ய, மணிக்கணக்கு அளவைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வாங்கும் சிறிய கருவிகள் துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளி சிதறுவதை வைத்து ஊகிக்கின்றன. ஈரமான காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், எண்ணும் ஏறிவிடும். மார்கழிப் பனி மூட்டத்தில் விடியற்காலை காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அதற்காக மாசே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். குளிர்ந்த காலையில் காற்று மேலெழாமல் தரையோடு தங்குவதால் புகை உண்மையிலேயே சேரும்.

கடைசியாக, மாசு என்றால் வெளியே இருப்பது என்ற நினைப்பு. ராமநாதன் வானத்தை அளந்த பிறகு சமையலறைக்குத்தான் வந்தார். 2009இல் தொடங்கிய 'சூர்யா' திட்டத்தில், உத்தரப் பிரதேசக் கிராமத்தில் விறகும் வறட்டியும் எரிக்கும் மண் அடுப்புகளுக்குப் பதில் மேம்பட்ட அடுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். புகை படிந்த வடிதாளைக் கைபேசியில் படமெடுத்து, அது எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை வைத்துக் கரியை அளக்கும் எளிய முறையும் அதில் உருவானது. வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் உரிய வயதுக்கு முன்பே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாதிப்பு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்.

எரிவாயு அடுப்பு இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. எண்ணெய் காய்ந்து தாளிக்கும்போதும் துகள் எழும். கருவி வாங்கியிருந்தால் பால்கனியில் மாட்டும் முன் ஒரு நாள் சமையலறையில் வையுங்கள். கடுகு வெடிக்கும்போது எண் எங்கே போகிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஜன்னலைத் திறந்தால் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபேனை அடுப்பு பற்றவைக்கும் முன்பே போட வேண்டும், சமையல் முடிந்தும் சிறிது நேரம் ஓட விட வேண்டும்.