டெஸ்ட் டேட்டாபேஸை ரேமில் ஓட்டுவது எப்படி

டேட்டாபேஸைத் தொடுகிற டெஸ்ட்கள் ஆமை வேகத்தில் ஓடினால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது மாற்றங்களை உறுதியாகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும், தன் டபிள்யூஏஎல் லாக் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) டிஸ்க்கில் போய்ச் சேர்ந்ததை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பதில் சொல்லும். கரண்ட் போனாலும் டேட்டா போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இரண்டு நிமிடத்தில் தூக்கிப்போடப் போகிற டேட்டாவுக்கு எதற்கு?

டெஸ்ட்டில் மட்டும் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் மெமரி மோடுக்கு (டேட்டாவை ரேமிலேயே வைப்பது) மாறலாமே என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். அதில் ஃபாரின் கீ சோதனையை (ஒரு டேபிள் குறிப்பிடும் வரிசை இன்னொரு டேபிளில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை) வழக்கமாக நாமே ஆன் செய்யவேண்டும், இன்டிஜர் ஃபீல்டில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், ஆக டெஸ்ட் பாஸ் ஆகி, நிஜப் பயனர்கள் இருக்கும் புரொடக்‌ஷனில் உடையும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் மெமரி எஞ்சினும் உதவாது, அதில் பல மாற்றங்களை மொத்தமாகச் சேமிக்கவோ ரத்து செய்யவோ உதவும் டிரான்சாக்‌ஷனே கிடையாது.

புரொடக்‌ஷனில் ஓடும் அதே போஸ்ட்கிரெஸ், அதே வெர்ஷன், டேட்டா டைரக்டரி மட்டும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது லினக்ஸ் ரேமில் நடத்தும் ஃபைல் சிஸ்டத்தில்: இதுதான் சரியான வழி. டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) கன்டெய்னரைத் தொடங்கும்போது டிஎம்பிஎஃப்எஸ் ஆப்ஷனில் அந்த டைரக்டரியின் பாதையைக் கொடுத்தால் போதும். அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜில் வெர்ஷன் 18 முதல் அந்தப் பாதை மாறியிருக்கிறது, பழையதை அப்படியே காப்பி செய்யாதீர்கள்.

டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்கு ஒதுக்கும் அளவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 512 எம்பி தாராளம் என்று தோன்றும், ஆனால் டபிள்யூஏஎல்லுக்கான உச்ச அளவு செட்டிங் வழக்கமாக 1 ஜிபி, அதனால் டேபிளில் பெரிதாக எதுவும் இல்லாமலே பாதி டெஸ்ட்டில் இடம் தீர்ந்துவிடும். அந்த செட்டிங்கை 256 எம்பிக்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரேமைக் கூட்டிக் கொடுங்கள்.

ரேம் குறைவான லேப்டாப்பா? சரி, டிஸ்க்கிலேயே இருக்கட்டும். எஃப்சிங்க், சிங்க்ரனஸ் கமிட், ஃபுல் பேஜ் ரைட்ஸ் என்ற மூன்று பாதுகாப்பு செட்டிங்குகளையும் ஆஃப் செய்யுங்கள், வேகத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். டெஸ்ட் சர்வரில் மட்டும்! புரொடக்‌ஷனில் எஃப்சிங்க் ஆஃபில் இருக்கும்போது மெஷின் திடீரென்று நின்றால் மொத்த டேட்டாபேஸும் கெட்டுப்போகலாம்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நேரத்தை அளந்து பாருங்கள். வித்தியாசமே இல்லை என்றால் பெரும்பாலும் மைக்ரேஷன், அதாவது டேபிள்களை உருவாக்கி மாற்றும் ஸ்கிரிப்ட்தான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரே ஒருமுறை ஓட்டி, டெம்ப்ளேட் டேட்டாபேஸாக வைத்துக்கொண்டு, அப்புறம் ஒவ்வொரு டெஸ்ட் புராசஸுக்கும் அதிலிருந்து நகல் எடுங்கள். நகல் எடுக்கும் நேரத்தில் டெம்ப்ளேட்டில் வேறு கனெக்‌ஷன் எதுவும் திறந்திருக்கக்கூடாது, இருந்தால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும்.