செங்கோட்டையிலிருந்து தென்மலைக்கு: ஆட்டிசம் உள்ள பிள்ளையுடன் ஒரு ரயில் பயணம்

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லத் தயங்கும் தென்காசி, செங்கோட்டைப் பகுதிப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகனுடன் நாங்கள் முதலில் பழகிக்கொண்டது, செங்கோட்டையில் ரயிலேறி, கேரளத்தில் உள்ள தென்மலையில் இறங்கி, பேருந்தில் வீடு திரும்பும் பயணம்.

முதலில், ஒரேயொரு திறனை மட்டும் தேர்ந்தெடுங்கள். காத்திருப்பது, வரிசையில் நிற்பது, கேட்டு வாங்குவது எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக்க முயன்றால் பிள்ளை களைத்துவிடும். நாங்கள் கேட்டு வாங்குவதை எடுத்துக்கொண்டோம்.

அடுத்து, வீடு, ரயில் நிலையம், ரயில் பெட்டி, குகை, தேநீர்க் கடை, பேருந்து, மீண்டும் வீடு என ஏழு படங்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வோர் இடமும் முடிந்ததும் அந்தப் படத்தைப் பிள்ளையே எடுத்து உறையில் போடட்டும். கடைசிப் படம் வீடாக இருப்பது மிகவும் முக்கியம். திரும்பிவிடுவோம் என்று தெரிந்தால்தான் பல பிள்ளைகள் கிளம்பவே சம்மதிக்கிறார்கள்.

அதிக நாள் ஒதுக்க வேண்டியது குகைக்கே. பகவதிபுரம், ஆரியங்காவு நிலையங்களுக்கு இடையில் ரயில் மலையைக் குடைந்த குகைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் திடீரென மறைந்து இரைச்சல் பெருகும். ரயில் குகைக்குள் செல்லும் ஒலியைக் கைப்பேசியில் மிகக் குறைவாக வைத்துத் தினமும் சிறிது நேரம் கேட்கச் செய்து, பிள்ளை நிம்மதியாக இருந்தால் மட்டும் அடுத்த நாள் சற்றுக் கூட்டுங்கள். காதைப் பொத்தினால் உடனே நிறுத்துங்கள். பயணத்தின்போது பகவதிபுரம் தாண்டியதும் குகைப் படத்தைக் காட்டி, ஒலியைக் குறைக்கும் காதுறையை மாட்டிவிடுங்கள்.

கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் ரயில் பாலத்தின் வளைவுகளைக் கீழே சாலையில் நின்று எண்ணுவதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தென்மலையில், கூட்டமில்லாத தேநீர்க் கடையில், பிள்ளையின் கையில் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) படத்தையும் சில்லறையையும் கொடுங்கள். கடைக்காரர் மலையாளம் பேசுபவராக இருந்தாலும் படம் அவருக்குப் புரியும். இங்கே பெற்றோருக்கும் ஒரு பயிற்சி உண்டு: மனத்துக்குள் பத்து எண்ணி முடிக்கும்வரை பிள்ளைக்காக நீங்கள் பேசக்கூடாது. எங்கள் மகன் முதல்முறை படத்தைத் தன் பக்கமாகவே திருப்பிப் பிடித்திருந்தான். நான் ஏழு எண்ணுவதற்குள் கடைக்காரர் குனிந்து பார்க்க, அவன் மெதுவாகப் படத்தை அவர் பக்கம் திருப்பினான்.

பிள்ளை அழத் தொடங்கினால் வாங்குவதைக் கைவிட்டு, பேருந்துப் படத்தைக் காட்டிப் புறப்படுங்கள். அடுத்த வாரம் அதே கடைக்கு, அதே படத்துடன் செல்லுங்கள்.