ஆபீசில் பால் கட்டிக்கிட்டப்போ நான் செஞ்சது

மதுரை இளந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை. 26 வார பிரசவ லீவு முடிஞ்சு திரும்பினதும் பெரிய அவஸ்தை, மீட்டிங் நடுவுல பால் கட்டி நெஞ்சு கல்லா வலிக்கிறதுதான். லீடுகிட்ட வாயால கேட்டா 'பாத்துக்கலாம்மா'னுதான் பதில் வரும். அதனால ஹெச்ஆருக்கு மெயிலே போட்டேன்: மகப்பேறு பலன் சட்டம் 1961, 11-ஆம் பிரிவு, குழந்தைக்கு 15 மாசம் ஆகுறவரை தினம் 2 பாலூட்டும் இடைவேளை. (அந்தச் சட்டம் 2025 நவம்பர் வரை இருந்தது; இப்போ அதே உரிமை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல இருக்கு.) மறுப்பே வரலை. காலண்டர்ல அந்த நேரத்தைப் பூட்டிட்டு, ஒரு சின்ன ரூமுல பம்ப் பண்றேன்.

எடுத்த பால் வெளியில 4 மணி நேரம் தாங்கும்பாங்க. மதுரை வெயில்ல அதை நம்பாதீங்க, ஐஸ் பேக் பை வாங்கிடுங்க. ஃப்ரிட்ஜ்ல 4 நாள் வரை வைக்கலாம். "ஃப்ரிட்ஜ் பாலா?"ன்னு முகம் சுளிச்ச அத்தைதான் இப்போ பாட்டிலை வெந்நீர் கிண்ணத்துல நிக்க வச்சு, புறங்கையில சொட்டு விட்டுப் பாத்துக் குடுக்கிறாங்க. ராத்திரி கிளையன்ட் கால் மட்டும் இன்னும் இழுபறிதான்.