பழைய காரின் கதவுப் பூட்டு: ரிமோட்டைக் குறை சொல்லும் முன்

மாருதி 800 போன்ற பழைய கார்கள் பலவற்றில் சென்ட்ரல் லாக்கிங் (எல்லாக் கதவுகளையும் ஒரே சமயத்தில் பூட்டித் திறக்கும் அமைப்பு) பிற்பாடு உதிரிபாகக் கடையில் வாங்கிப் பொருத்தப்பட்டதாகவே இருக்கும். அத்தகைய காரில் ரிமோட்டை அழுத்தியும் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை என்றால், உடனே புதிய ஆக்சுவேட்டர் வாங்கி மாட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஆக்சுவேட்டர் என்பது நாம் விரலால் இழுக்கும் அதே கம்பியை நமக்குப் பதிலாக இழுக்கும் சிறிய மோட்டார்தான். ஆகவே கதவின் உட்பக்கம் இருக்கும் பூட்டுக் குமிழைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால், கோளாறு துருப்பிடித்த லாட்ச்சிலோ (கதவை மூடிய நிலையில் பிடித்து வைக்கும் கொக்கி), வளைந்த கம்பியிலோ, உடைந்துபோன பிளாஸ்டிக் கிளிப்பிலோ இருக்கிறது. அந்த இறுக்கத்தைச் சரிசெய்யாமல் மாட்டும் புது மோட்டாரும் விரைவில் தேய்ந்துபோகும்.

இறுக்கத்தைப் போக்குவதாக எண்ணிச் சாவித் துளையில் தேங்காய் எண்ணெயையோ பழைய என்ஜின் ஆயிலையோ விடுவது அடுத்த தவறு. எண்ணெய் சில நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும். சாவித் துளைக்கு உலர்ந்த கிராஃபைட் தூள் போதும். கிரீஸ் லாட்ச்சுக்கு உரியது.

கம்பி தாராளமாக அசைந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே கீல் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாயை அவசியம் திறந்து பார்க்க வேண்டும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒயர் மடங்குவதால், மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருப்பது மிகச் சாதாரணம். கதவை அசைக்கும்போது மட்டும் பூட்டு வேலை செய்வது இதன் தெளிவான அடையாளம். அறுந்த முனைகளை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்காலம் வரைகூடத் தாங்காது. புதிய ஒயர்த் துண்டு சேர்த்து, இணைப்பு மடங்கும் இடத்தில் வராதபடி தள்ளி வைத்துச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும்.

மோட்டாரே பழுது என்று உறுதியானாலும், எத்தனை ஒயர் என்று பாராமல் வாங்கக் கூடாது. இத்தகைய செட்டுகளில் பொதுவாக ஓட்டுநர் கதவுக்கு ஐந்து ஒயர், மற்றக் கதவுகளுக்கு இரண்டு ஒயர். ஓட்டுநர் கதவில் இரண்டு ஒயர் வகையைப் பொருத்தினால் ரிமோட்டுக்கு அந்தக் கதவு பணியும், ஆனால் சாவியால் பூட்டும்போது மற்ற மூன்றும் அசையாது; கூடுதல் மூன்று ஒயர்கள் அந்தச் செய்தியைச் சொல்லும் சுவிட்சுக்கானவை. சோதிப்பதற்காக 12 வோல்ட்டை நேராகத் தருபவர்கள் ஒரு நொடிக்கு மேல் தொட்டு வைத்திருக்க வேண்டாம்.

ரிமோட்டிலும் சிறு ஏமாற்றம் உண்டு. 23ஏ, 27ஏ என்ற இரண்டு பேட்டரிகளுமே 12 வோல்ட் என்பதால் கடைக்காரர் எதையாவது கொடுத்துவிடுவார். 27ஏ மெல்லியது, 23ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு பூட்டுகளை இயக்கும் மின்னணுப் பெட்டியான மாட்யூலே போய்விட்டது என்று பணம் செலவழிப்பார்கள்.

கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றும்போது உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிவது, எளிதில் செய்துவிட்டுப் பிற்பாடு வருந்தும் தவறு. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீரைக் கீழ்த் துளைகளுக்கு அனுப்புவது அந்தத் தாள்தான். அது இல்லையென்றால் நீர் கேபினுக்குள் வரும். துளையிடும் வேலை இருந்தால் கண்ணாடியை முழுதும் ஏற்றிவிடுங்கள், ஆக்சுவேட்டரைப் பொருத்திய பிறகு கண்ணாடி இறங்கும்போது அதில் இடிக்கவில்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சோதனையைக் கதவு திறந்திருக்கும் நிலையிலேயே செய்ய வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் லாட்ச்சின் நாக்கை மூடிய நிலைக்குத் தள்ளி, ரிமோட்டால் பலமுறை பூட்டித் திறந்து, பிறகு வெளிக் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவியுங்கள். கம்பியை மாட்ட மறந்து கதவைச் சாத்திவிட்டால், டோர் பேடைச் சேதப்படுத்தாமல் அதை மறுபடி திறப்பது மிகக் கடினம். அதுவரை சாவி சட்டைப் பையில் இருக்கட்டும், இருக்கையின் மேல் அல்ல.