ஸ்பானிஷ் மாஸ்: மண்ணில்லாமல் வளர்க்கும் முறை

நர்சரிகளில் ஸ்பானிஷ் மாஸ் என்று விற்கப்படும் வெள்ளிநிறக் கொத்து பாசியும் அன்று, ஸ்பெயின் நாட்டுச் செடியும் அன்று. தில்லாண்சியா உஸ்னியாய்டிஸ் என்னும் இது, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள் முதல் அர்ஜென்டினா வரை மரக்கிளைகளில் தாடிபோலத் தொங்கும் அன்னாசிக் குடும்பத்துத் தாவரம். மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. இலைகளை மூடியுள்ள நுண்செதில்கள் வழியாகவே மழைநீரையும் அதில் கரைந்த சத்துகளையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மண் வேண்டாம் என்பது உண்மை. தண்ணீரும் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில், உயிருள்ள கொத்தா என்று சோதித்து வாங்குங்கள். அலங்கார வேலைகளுக்காக உலர்த்திய மாஸும் ஏறக்குறைய இதே நிறத்தில் கிடைக்கிறது. ஓர் இழையை நனைத்தால், உயிருள்ளதில் செதில்கள் நீரை வாங்கி, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும், உலர்ந்தது பச்சையாவதில்லை.

அடுத்து, கொத்தைத் தண்ணீரில் அலசி, ஒரு கைப்பிடிக்கு மேற்படாத சிறு கொத்துகளாகப் பிரியுங்கள். நான் முதலில் வாங்கியதை, அடர்த்திதான் அழகு என்றெண்ணி அப்படியே தொங்கவிட்டேன். மழைக்காலம் முடிந்து விரித்துப் பார்த்தபோது, வெளியே வெள்ளியாக இருந்த கொத்தின் நடுவில் குதிரைமயிர் போன்ற கறுப்பு நார் மட்டுமே மிஞ்சியிருந்தது. லூசியானாவில் ஒரு காலத்தில் மெத்தைகளுக்குள் அடைத்தது இந்த நாரைத்தான். என் பால்கனியில் அது தானாகவே தயாராகிவிட்டது!

பிரித்த கொத்துகளை நைலான் கயிற்றில் போட்டு, காலை வெயில் மட்டும் படும், காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். செம்பு இச்செடிக்கு நஞ்சு என்பதால் செம்புக் கம்பியைத் தவிர்க்க வேண்டும். மூடிய கண்ணாடிக் குடுவையும் ஆகாது.

நீர் விடுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாரம் இருமுறை வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, நன்றாக உதறி மாட்டுங்கள். கோடையில் இடைப்பட்ட நாள்களில் தெளிப்பானால் நனைக்கலாம், மழை நாள்களில் எதுவும் வேண்டாம். இச்செடி தன் இலைத்துளைகளை இரவில்தான் திறந்து கரியமில வாயுவை வாங்குகிறது. ஈரப்படலம் அதற்குத் தடையாகும் என்பதால், காலையில் நனைத்து மாலைக்குள் உலரவிட வேண்டும். மழைநீர் உத்தமம், ஆர்.ஓ. தண்ணீரும் சரியே. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரும், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரும் செதில்களில் வெள்ளைப் படிவாகத் தங்கிவிடும்.

மாதம் ஒருமுறை ஆர்க்கிட் உரத்தை, பொட்டலத்தில் குறித்த அளவில் கால் பங்காகக் கரைத்துத் தெளித்தால் போதும்.

ஸ்பானிஷ் மாஸின் இனத்தைச் சேர்ந்த தில்லாண்சியா அயொனாந்தா போன்ற குட்டை வகைகளை வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஊறவைத்து, தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்துங்கள். இலையடியில் தேங்கும் நீரே அவற்றை அழுகச் செய்கிறது. பூக்கும் பருவத்தில் அயொனாந்தாவின் இலைகள் சிவக்கும். பூத்த பின் தாய்ச்செடி மெல்ல மடியும், பக்கக் கன்றுகள் தொடரும்; தாயின் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் கன்றைப் பிரிக்கலாம்.

ஸ்பானிஷ் மாஸில் அந்தக் காத்திருப்பும் இல்லை. ஒரு சாண் இழையைக் கத்தரித்து வேறிடத்தில் மாட்டினால், அதுவே புதுச் செடி. நன்கு தேறிய கொத்தில் இளம்பச்சை நிறச் சிறு பூக்கள் வரும்; பகலில் கண்ணில் படாத அவற்றை இரவில் மணத்தால் கண்டுபிடித்துவிடலாம்.