உணவும் பானமும் கிடைக்கும் இடத்தைக் காட்டும் படக்குறிகள்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

அறிமுகமில்லாத பெரிய கட்டடம் ஒன்றுக்குள் நுழைந்தவர் முதலில் தேடுவது பெரும்பாலும் கழிப்பறை, வெளியேறும் வழி, சாப்பிட ஓர் இடம் ஆகியவற்றைத்தான். அவருக்கு அந்த ஊர் மொழி தெரியாமல் இருக்கலாம். எழுத்தே தெரியாத குழந்தையாக இருக்கலாம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த முதியவராகவும் இருக்கலாம். பலகையில் வார்த்தைக்குப் பதிலாக ஒரு படம் நிற்பது இவர்களுக்காக. அந்தப் படத்தை எப்படி வரைவது என்பதே இந்த விளக்கம்.

கட்டத்தாள், கருப்புப் பேனா, இங்க்ஸ்கேப் போன்ற ஓர் இலவச வெக்டர் மென்பொருள் (எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காத படங்களை வரைவது) இருந்தால் போதும். கூடவே, நீங்கள் வரைந்ததை முன்பின் பார்த்திராத சிலரும் தேவை. இவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். ஆனால் இவர்கள் இல்லாமல் இந்த வேலை முடிவதில்லை.

படி 1: வரைவதற்கு முன் சேவைகளைப் பிரியுங்கள்

"உணவு" என்று ஒரே சொல்லை எழுதிவைத்துக்கொண்டு வரையத் தொடங்காதீர்கள். அமர்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடும் உணவகம், தேநீர் காப்பியுடன் ஏதேனும் கொறிக்கும் இடம், குடிநீர்க் குழாய், மது பரிமாறும் இடம், தானியங்கி விற்பனை இயந்திரம், கொண்டுவந்த உணவைப் பிரித்துச் சாப்பிடும் மேசைகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனித் தேவைக்கு விடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள்: அங்கே போகிறவருக்கு என்ன கிடைக்கும், பணம் வேண்டுமா, குழந்தையை அழைத்துப் போகலாமா?

இந்தப் பிரிவினை பழையதுதான். சாலைக் குறிகள் பற்றிய 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையே உணவகத்துக்கு ஒரு குறி, சிற்றுண்டி பான நிலையத்துக்கு வேறு குறி என்று வைத்திருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக ஏஐஜிஏ என்ற வடிவமைப்பாளர் அமைப்பு உருவாக்கிய தொகுப்பிலும் உணவகம், காப்பிக் கடை, மதுக்கூடம், குடிநீர் ஆகியவை தனித்தனியாக உள்ளன. ரோஜர் குக், டான் ஷனோஸ்கி இருவரும் வரைந்த அந்தத் தொகுப்பில் 1974-இல் 34 குறிகள் வந்தன. 1979-இல் மேலும் 16 சேர்ந்து மொத்தம் 50 ஆயின. அவற்றுக்குக் காப்புரிமைத் தடை இல்லை. இறக்கிக்கொண்டு, பெரிதாக்கி, ஒவ்வொரு வளைவையும் கூர்ந்து பாருங்கள். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் உங்கள் கட்டடத்தில் சாப்பாடும் தேநீரும் ஒரே இடத்தில்தான் கிடைக்கும் என்றால் ஒரே குறி போதும். பலகையில் படங்கள் பெருகப் பெருக, தேடுகிறவரின் கண் தடுமாறும்.

படி 2: எந்தப் பொருளை வரைவது?

உணவகத்துக்கு முள்கரண்டியும் கத்தியும். உலகில் கோடிக்கணக்கானோர் கையாலோ குச்சிகளாலோ உண்கிறார்களே என்று இந்த இடத்தில் கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த இணை, பல பத்தாண்டுகளாகச் சாலைகளிலும் விமான நிலையங்களிலும் நின்று, தன் பொருளை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. கரண்டியைக் கையிலேயே எடுக்காதவரும் அதைக் கண்டால் சாப்பாடு கிடைக்கும் என்று புரிந்துகொள்கிறார். மக்கள் ஏற்கெனவே கற்ற குறியை மாற்றிப் புதிதாக ஒன்றைக் கற்கச் சொல்வது அவர்கள் மீது சுமத்தும் வேலை. உங்கள் கற்பனையைப் பழகிய குறி இல்லாத இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்ப் புட்டி நிரப்பும் இடம், விற்பனை இயந்திரம் போன்றவை.

குறிப்பிட்ட ஒரு பதார்த்தத்தை வரையாதீர்கள். ரொட்டி அடுக்கை வரைந்தால் அந்தப் பதார்த்தம் மட்டும் விற்கும் கடை என்று பொருள்படும். அதை உண்ணாதவர் திரும்பிப் போய்விடுவார்.

நீங்கள் வரையும் உருவத்துக்கு வேறொரு பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோப்பையும் முள்கரண்டியும் அருகருகே நிற்கும் குறிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில், "இந்தப் பாத்திரம் உணவுடன் தொடர்புகொள்ள ஏற்றது" என்று பொருள். பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் அது அச்சிடப்பட்டிருக்கும். "உணவும் பானமும்" என்று காட்ட நினைத்து அதே இணையை வரைந்தால் குழப்பம்தான்.

ஜப்பானிலிருந்து இன்னொரு எடுத்துக்காட்டு. அங்கே வெந்நீர் ஊற்றுக்குப் பழைய குறி ஒன்று உண்டு: நீள்வட்டத் தொட்டியிலிருந்து மேலெழும் மூன்று ஆவிக் கோடுகள். வெளிநாட்டவர் அதைச் சூடான உணவு கிடைக்கும் இடம் என்று எண்ணக்கூடும் என்ற கவலை 2016-இல் எழுந்தது. தொட்டிக்குள் மூன்று மனித உருவங்கள் இருக்கும் சர்வதேசக் குறியைக் கொண்டுவரலாமா என்று விவாதித்து, 2017-இல் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்று முடிவானது. ஆகவே அகன்ற கிண்ணத்தின்மேல் மூன்று நெளிகோடுகள் வரைய நினைக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள்.

படி 3: கட்டத்துக்குள் வரையுங்கள்

48-க்கு 48 கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றை எடுத்து, நான்கு பக்கமும் 4 கட்டங்கள் விட்டுவிடுங்கள். மீதமுள்ள 40-க்கு 40 தான் உங்கள் களம்.

முள்கரண்டிக்கு மூன்று முட்கள் போதும். ஒவ்வொரு முள்ளும் 3 கட்டம், இடைவெளியும் 3 கட்டம். மொத்த அகலம் 15. நிஜக் கரண்டியில் நான்கு இருக்கிறதே என்று நான்காவதைச் சேர்த்தால் இடைவெளி குறுகும். தூரத்திலிருந்து பார்க்கையில் முட்கள் ஒன்றாகக் கலந்து, மண்வெட்டி போலத் தோன்றும். கைப்பிடிக்கு 5 கட்டத் தடிமன் கொடுங்கள். 6 கட்டம் தள்ளிக் கத்தி: ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் மெல்ல வளைந்த அலகு, அகலம் 7. இரண்டும் ஒரே உயரம், செங்குத்தாக, இணையாக நிற்கட்டும். குறுக்காக வைத்தால் அழகாக இருக்கும் என்பார்கள். ஆனால் அது பெருக்கல் குறியாகி, "இங்கே கூடாது" என்ற நினைப்பைத் தூண்டக்கூடும் என்பதால் நான் எப்போதும் இணையாகவே வைக்கிறேன்.

தேநீர்க் கோப்பையைப் பக்கவாட்டிலிருந்து வரையுங்கள். உடல் 24 அகலம், 16 உயரம், அடியில் சற்றுக் குறுகல். கைப்பிடியின் துளை குறைந்தது 4 கட்டம் இருக்கட்டும். இல்லையேல் அச்சில் அடைந்துவிடும். கீழே 3 கட்டம் விட்டு, சாசருக்காக ஒரு தட்டையான கோடு. ஆவிக்கு இரண்டு நெளிகோடுகள் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். குடிநீருக்குக் குழாயும் அதன்கீழ் நேரான தம்ளரும். மதுக்கூடத்துக்குக் கூம்பு வடிவக் கிண்ணமும் மெல்லிய தண்டும் கொண்ட கோப்பை. பழச்சாறுக் கடைக்கு இந்தக் கோப்பையைத் தொடவே தொடாதீர்கள். உயரமான தம்ளரில் உறிஞ்சுகுழல் ஒன்று சாய்ந்திருந்தால் போதும்.

கண்ணை உறுத்தும் ஒரு தவறு பார்வைக் கோணத்தைக் கலப்பது. தட்டை மேலிருந்தும் கோப்பையைப் பக்கத்திலிருந்தும் வரைந்து ஒரே சதுரத்துக்குள் வைத்தால் இரண்டும் ஒட்டாது. எது வேண்டுமோ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

படி 4: ஒரே குடும்பமாக்குங்கள்

எல்லாப் படங்களையும் ஒரே வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கோப்பை கனமாகவும் கரண்டி இணை ஒல்லியாகவும் தெரியும். அளவுகோலின்படி சமமாக இருப்பது கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. கோப்பையைச் சற்றுச் சுருக்குங்கள், கைப்பிடிகளைச் சற்றுத் தடிப்பாக்குங்கள். முனை வளைவுகள் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருக்கட்டும். உருவங்களை உள்நிரப்பிய நிழலுருவாக வரையுங்கள். வெளிக்கோடு மட்டும் கொண்ட படம் திரையில் நேர்த்தியாக இருந்தாலும் வெளிச்சம் குறைந்த நடைபாதையில் மங்கிவிடும்.

படி 5: நிறமும் சட்டமும்

முதலில் கருப்பு வெள்ளையில் முடித்துவிடுங்கள். அதில் புரியாதது வண்ணத்தில் புரியாது. பொருளை நிறத்தை மட்டும் நம்பி வேறுபடுத்தவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பாதுகாப்புக் குறிகளின் சர்வதேசத் தரத்தில் வட்டமும் குறுக்குக்கோடும் கொண்ட சிவப்பு தடைக்கு, மஞ்சள் எச்சரிக்கைக்கு, நீல வட்டம் கட்டாயத்துக்கு, பச்சை ஆபத்தின்போது உதவிக்கு என்று ஒதுக்கப்பட்டுள்ளன. உங்கள் குறி தகவல் மட்டும் தருவது. எனவே சதுரச் சட்டமே பாதுகாப்பானது.

படி 6: எவ்வளவு பெரிதாக?

அவசர வழிக் குறிகளுக்கான ஐரோப்பியத் தரத்தில் எளிய கணக்கு ஒன்று உண்டு: வெளியிலிருந்து ஒளி விழும் பலகையின் உயரத்தை 100-ஆல் பெருக்கினால் அது தெரியும் தூரம் கிடைக்கும், உள்ளிருந்து ஒளிரும் பலகைக்கு 200-ஆல் பெருக்க வேண்டும். 20 மீட்டரிலிருந்து தெரிய வேண்டிய சாதாரணப் பலகைக்கு 20 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். உணவுக் குறிக்கும் இதைத் தொடக்க அளவாகக் கொள்ளலாம். கூட்டம் மிகுந்த இடத்தில் இன்னும் பெரிதாக்குங்கள்.

படி 7: தெரியாதவர்களிடம் காட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பொதுத் தகவல் குறிகளுக்கு ஐஎஸ்ஓ 7001 என்ற சர்வதேசத் தரம் இருப்பதுபோல, குறிகள் புரிகின்றனவா என்று சோதிக்கும் முறைக்கென்றே ஐஎஸ்ஓ 9186 என்ற தனித் தரம் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அவ்வளவு மதிப்பு.

எளிய வடிவில் இப்படிச் செய்யலாம். ஒரு தாளுக்கு ஒரு படம். "இது ரயில் நிலையத்தில் மாட்டப்படும் பலகை" என்று இடத்தை மட்டும் சொல்லுங்கள். "இதற்கு என்ன பொருள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். விடைகளைப் பட்டியலிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், தலையாட்டாதீர்கள், "கிட்டத்தட்ட சரி" என்று உதவாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இருபது பேராவது வேண்டும்; அவர்களில் முதியவரும் சிறுவரும் வேற்றுமொழிக்காரரும் இருக்க வேண்டும். நண்பர்களான வடிவமைப்பாளர்களைச் சேர்க்காதீர்கள், அவர்களுக்கு இந்தப் படங்கள் பழக்கமானவை.

பிறகு விடைகளைச் சரி, தவறு, தெரியவில்லை, நேர்மாறு என்று நான்காகப் பிரியுங்கள். கடைசி வகைதான் ஆபத்தானது. தேநீர்க் கடையை உணவகம் என்று எண்ணியவர் கொஞ்சம் ஏமாறுவார், அவ்வளவுதான். குடிக்கத் தகாத நீரைக் குடிநீர் என்று எண்ணியவர் நோயில் விழுவார். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான ஆன்சியின் தரம் பாதுகாப்புக் குறிகளுக்கு 85 விழுக்காடு சரியான விடையும், ஆபத்தான குழப்பம் 5 விழுக்காட்டுக்கு மிகாமலும் கேட்கிறது. மற்ற உணவுக் குறிகளில் கொஞ்சம் தளரலாம். தண்ணீர்க் குறியில் மட்டும் இந்த அளவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தேறாத படத்தை உடனே தூக்கி எறிய வேண்டாம். தவறான விடைகளைப் படியுங்கள். எந்தக் கோடு திசைமாற்றியது என்பது பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கும். கோப்பையைப் பலர் "குவளை" என்றால் சாசர் தெளிவாக இல்லை. தம்ளரை "மது" என்றால் அடிப்பகுதி மிகவும் குறுகிவிட்டது. திருத்திவிட்டுப் புதிய ஆட்களிடம் காட்டுங்கள். மூன்றாம் முறையும் தேறவில்லை என்றால் அந்தச் சேவையை ஒற்றைப் படத்தால் சொல்ல முடியாது. படத்தின் கீழே பெயரையும் எழுதிவிடுங்கள்.

படி 8: ஒப்படைத்தல்

ஒவ்வொரு குறியையும் எஸ்விஜி என்ற வெக்டர் படக் கோப்பாகச் சேமியுங்கள்: வெள்ளையில் கருப்பாக ஒன்று, கருப்பில் வெள்ளையாக ஒன்று. இருண்ட பின்னணியில் வெள்ளை உருவம் சற்றுத் தடித்துத் தெரியும் என்பதால் இரண்டாவதில் கோடுகளை இம்மியளவு மெலிதாக்குங்கள். திசைக்குறி அம்பைப் படத்தின் சதுரத்துக்குள் நுழைக்காமல் தனிக் கோப்பாகக் கொடுங்கள். பலகை மாட்டுபவர் இடத்துக்கேற்ப இடமோ வலமோ திருப்பிக்கொள்வார், உங்கள் கரண்டியும் கோப்பையும் சிதையாமல் இருக்கும்.