ஒரு சின்ன மொழிக்கு ஜிட்: பைட் பைட்டாக ‘அ’ அச்சிடுவோம்

ஜிட் (ஜஸ்ட்-இன்-டைம்) கம்பைலர் என்றதும் நமக்கு எட்டாத சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். குரோமில் இருக்கும் வி8, ஜாவாவின் ஹாட்ஸ்பாட் எல்லாம் பெரியவைதான். ஆனால் அடியில் நடப்பது எளிது: நிரல் ஓடும்போதே மெமரியில் மெஷின் கோட் பைட்களை எழுதி, அங்கே தாவச் சொல்வது. 1968-லேயே கென் தாம்ப்சன் தன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலை ஐபிஎம் 7094-இன் மெஷின் கோடாக மாற்றி ஓட்டியிருக்கிறார்.

தேவையானவை: 64-பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி, லினக்ஸ், ஜிசிசி, சி மொழியில் பாயின்டர் வரை பழக்கம்.

படி 1: மொழி

1993-இல் அர்பன் முல்லர் உருவாக்கிய பிரெயின்ஃபக். பெயரின் பின்பாதி முகம் சுளிக்க வைக்கும் என்பதால் இனி பி.எஃப். என்றே எழுதுகிறேன். மொத்தமே எட்டுக் குறிகள். 30,000 பைட் கொண்ட ஒரு நாடா, அதன் மேல் நகரும் ஒரு முள்.

> < முள்ளை வலது, இடது நகர்த்தும்
\+ - முள் நிற்கும் பைட்டைக் கூட்டும், குறைக்கும்
. , அந்த பைட்டை அச்சிடும், உள்ளே வாங்கும்
[ ] பைட் பூஜ்யம் ஆகும்வரை சுற்றும்

மற்ற எழுத்தெல்லாம் வெறும் குறிப்பு, கண்டுகொள்ள வேண்டாம். இதுதான் நம் சோதனை நிரல்:

```
++++[>--------<-]>.
---------- ---------- ---------- ---------- ---------- .
---------- ---------- ---------- ---------- - .
```

யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்கள். பூஜ்யத்திலிருந்து நான்கு தடவை எட்டெட்டாகக் குறைத்தால் பைட் சுற்றிவந்து 224-இல் நிற்கும். பிறகு 50 குறைத்தால் 174, மேலும் 41 குறைத்தால் 133.

படி 2: முதலில் சாதா இன்டர்பிரட்டர்

நிரலை ஒவ்வொரு குறியாகப் படித்து, ஒரு சுவிட்சில் எட்டு கேஸ் எழுதினால் முடிந்தது. [ எந்த ] உடன் சேர்கிறது என்பதை மட்டும் ஒரு ஸ்டாக் வைத்து முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிக் குதித்து நேராக ஜிட்டுக்குப் போகாதீர்கள். பின்னால் விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க இது கட்டாயம் வேண்டும்.

படி 3: கூட்டிச் சுருக்குங்கள்

மேலே ஐம்பது - குறிகள் வரிசையாக நிற்கின்றன. ஐம்பது தடவை சுவிட்சுக்குள் போய்வருவானேன்? அடுத்தடுத்து வரும் + - குறிகளை ஒரே எண்ணாக்குங்கள். > < குறிகளையும் அப்படியே. மற்ற நான்கு குறிகளைத் தாண்டி மட்டும் சேர்க்கக் கூடாது.

படி 4: எந்தக் குறிக்கு எந்த பைட்

புராசஸர் கையேடுகளில் இவை ஹெக்ஸில், அதாவது பதினாறடி எண்ணில் இருக்கும். நான் பதின்ம எண்ணில் தருகிறேன். சி-யில் அப்படியே போடலாம்.

தொடக்கம்: 83, பிறகு 72 137 251
+ - (தொகை ந): 128 3 ந
> < (தொகை ந): 72 129 195, பிறகு ந நான்கு பைட்டில்
[ : 128 59 0 15 132, பிறகு தூரம் நான்கு பைட்டில்
] : 128 59 0 15 133, பிறகு தூரம் நான்கு பைட்டில்
. : 15 182 59 72 184, புட்சார் முகவரி எட்டு பைட்டில், 255 208
, : 72 184, கெட்சார் முகவரி எட்டு பைட்டில், 255 208 136 3
முடிவு: 91 195

பல பைட் எண்கள் எல்லாமே சிறிய பைட் முதலில் வரும் வரிசை. குறை எண்ணானால் ஒரு பைட்டுக்கு 256-இலிருந்தும் நான்கு பைட்டுக்கு 4,29,49,67,296-இலிருந்தும் கழியுங்கள்: ஐம்பது - குறிகளும் 128 3 206 என்ற மூன்றே பைட்டாகிவிடும்.

முள்ளை ஆர்பிஎக்ஸ் என்ற ரிஜிஸ்டரில் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) வைக்கிறோம். ஏன் அது? சி ஃபங்ஷன் எதுவானாலும் ஆர்பிஎக்ஸை எடுத்தால் பழைய மதிப்போடு திருப்பித் தர வேண்டும் என்பது லினக்ஸில் உள்ள ஒப்பந்தம். ஆகவே புட்சாரை அழைத்தாலும் நம் முள் பத்திரம். அதே ஒப்பந்தம் நமக்கும் உண்டு. தொடக்கத்தில் உள்ள 83 பழைய மதிப்பை ஸ்டாக்கில் போடுகிறது, முடிவில் 91 எடுக்கிறது. அந்த 83 இன்னொரு வேலையும் செய்கிறது: வேறு ஃபங்ஷனை அழைக்கும்போது ஸ்டாக் 16-இன் மடங்கில் நிற்க வேண்டும், அதையும் அதுவே சரிசெய்துவிடுகிறது.

படி 5: தாவும் தூரம்

எல்லோரும் இடறுவது இங்கேதான். [ எழுதும்போது அதன் ] எங்கே விழும் என்று தெரியாது. தூரத்துக்கு நான்கு பூஜ்யங்களைப் போட்டுவிட்டு, அவற்றுக்கு அடுத்த இடத்தை ‘க’ என ஸ்டாக்கில் வையுங்கள். ] எழுதி முடித்ததும் அதற்கு அடுத்த இடம் ‘ங’. இப்போது திரும்பிப் போய் [ இன் பூஜ்யங்கள் மேல் ங - க எழுதுங்கள், ] இன் தூரம் க - ங.

தூரம் எண்ணப்படுவது தாவல் கட்டளையின் முடிவிலிருந்து. நான் முதல் தடவை தொடக்கத்திலிருந்து எண்ணி, ஆறு பைட் பிசகி, ஒரு மாலை முழுக்க செக்மென்டேஷன் ஃபால்ட்டோடு மல்லுக்கு நின்றேன். நம் நிரலின் லூப்பை வைத்துச் சரிபாருங்கள்:

```
128 59 0   15 132  29 0 0 0
72 129 195  1 0 0 0
128 3 248
72 129 195  255 255 255 255
128 3 255
128 59 0   15 133  227 255 255 255
```

முதல் வரிக்குக் கீழே உள்ளவற்றை எண்ணுங்கள்: 7 + 3 + 7 + 3 + 9 = 29. திரும்பும் தூரம் -29, அதாவது 227 255 255 255.

படி 6: ஓட்டுவது

மாலாக் (malloc) தரும் மெமரியில் கோட் ஓடாது. அது தரவுக்கு மட்டுமே அனுமதி பெற்ற இடம். லினக்ஸிடம் நேரடியாக மெமரி கேட்கும் எம்மேப் (mmap) மூலம் படிக்கவும் எழுதவும் அனுமதியோடு இடம் கேளுங்கள். ஒரு குறிக்கு அதிகபட்சம் 15 பைட்தான் வரும், ஆகவே குறிகளின் எண்ணிக்கையை 16-ஆல் பெருக்கி, மேலே 16 சேர்த்தால் தாராளம். பைட்களை எழுதி முடித்ததும் எம்புரொடெக்ட் (mprotect) அழைத்து, எழுதும் உரிமையை எடுத்துவிட்டு ஓட்டும் உரிமையைக் கொடுங்கள். இரண்டையும் ஒருசேர வைத்திருப்பது திருடனுக்குச் சாவி கொடுத்தாற்போல.

பிறகு அந்த முகவரியை, நாடாவின் பாயின்டரை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் பாயின்டராக மாற்றி அழையுங்கள். நாடாவைப் பூஜ்யத்தால் நிரப்ப மறக்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் ‘அ’.

வராவிட்டால், எழுதிய பைட்களை ஒரு கோப்பில் கொட்டி, பைட்களைக் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் (objdump) பாருங்கள். கட்டளைகள் எந்த வரியில் உளறத் தொடங்குகின்றனவோ பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியில்தான் பிழை இருக்கும்.

ஓடுவதற்கு முன்பே முழு நிரலையும் மாற்றிவிடுகிறோமே, இதை ஜிட் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஹாட்ஸ்பாட் போன்றவை முதலில் இன்டர்பிரட்டரில் ஓட்டி, அடிக்கடி ஓடும் ‘சூடான’ பகுதிகளை மட்டும் மாற்றும். ஹாட்ஸ்பாட் என்ற பெயர் வந்ததே அதனால்தான். உங்களுக்கும் ஆசை இருந்தால் ஒவ்வொரு [ க்கும் ஒரு கவுன்ட்டர் வைத்து, குறிப்பிட்ட தடவை சுற்றியபின் அந்த லூப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். படி 2-இல் எழுதிய இன்டர்பிரட்டர் மறுபடி வேலைக்கு வரும்.

அதற்கு முன் சுலபமான ஒன்று: [-] என்று வந்தால் லூப்பே வேண்டாம், 198 3 0 போதும்.